பாஸ் கையெழுத்துப் போட்ட சுவர்

முப்பத்தெட்டு வயதில் மேற்படிப்புக்குப் போய் என்ன ஆகப் போகிறது என்று என் மாமியார் கேட்டார். அன்றைக்கு எனக்குப் பதில் தெரியவில்லை. இப்போது தெரியும். அயல்நாட்டில், உச்சி வெயிலில், அளவு நாடாவும் கையுமாக ஒரு கழுதையின் பின்னால் ஓட வேண்டி வரும்.

நான் பாளையங்கோட்டையில் வரலாற்று ஆசிரியை. சம்பளமில்லாத விடுப்பு எடுத்துக்கொண்டு 'பண்பாட்டு மரபு மேலாண்மையும் பாதுகாப்பும்' என்ற பட்டமேற்படிப்பில் சேர்ந்திருந்தேன். ஆய்வேட்டை ஏற்கெனவே இரண்டு முறை தள்ளிப்போட்டாயிற்று. மூன்றாம் முறை கிடையாது என்று என் பேராசிரியர் கறாராகச் சொல்லிவிட்டார். ஒரு பழைய கட்டடம் வேண்டும். அதன் படம், அளவு, கல் கல்லாக அதன் நிலைமை, கூடவே உரிமையாளரின் சம்மதக் கையெழுத்து, எல்லாம் மாதக் கடைசிக்குள் அவர் மேசைக்கு வர வேண்டும். "கையெழுத்து இல்லாத அறிக்கையை நான் பிரித்துக்கூடப் பார்க்க மாட்டேன்" என்றார். சொன்னால் சொன்னதுதான் அந்த மனுஷி.

இலங்கையைத் தேர்ந்தெடுத்தது நான்தான். தமிழ் பேசுகிற ஊர், மொழிச் சிக்கல் வராது என்று நினைத்தேன். நினைப்புக்கு என்ன குறைச்சல்!

கற்பிட்டிக் கோட்டையை ஆராய்வதாகத்தான் திட்டம். ஒல்லாந்தர், அதாவது டச்சுக்காரர்கள், கட்டிய கோட்டை அது. ஆனால் உள்ளே கடற்படை இருக்கிறது, முன்கூட்டியே அனுமதி வாங்க வேண்டும். நான் விண்ணப்பமே புறப்படுவதற்கு முந்தின வாரம்தான் போட்டேன். ஆகவே புத்தளத்தில் வந்து இறங்கியபோது என்னிடம் அளவு நாடா இருந்தது, அளப்பதற்கு எதுவும் இல்லை.

தங்குவதற்குப் பேசியிருந்த வீட்டுக்குப் போகப் பாலாவிச் சந்தியில் கற்பிட்டி பஸ் ஏறினேன். படியில் தொங்கியபடி நடத்துநர் சிங்களத்தில் ஏதோ முழங்கினார். பக்கத்திலிருந்த பெண் எனக்காக மொழிபெயர்த்தாள். பின்னால் ஒரு வீடு கட்டலாமாம், அவ்வளவு இடம் கிடக்கிறதாம். பின்னால் பார்த்தேன். ஒரு கோழிக் கூடையும் அதன்மேல் ஒரு பெரியவரும் இருந்தார்கள்.

"மிஸ் எந்த ஊர்? என்ன செய்யிற?" என்று அவள் கேட்டாள்.

"இந்தியா. இங்க படிப்பு விஷயமா வந்திருக்கேன். பாதுகாப்பு படிக்கிறேன்" என்றேன்.

அவள் முகம் மாறியது. மடியிலிருந்த பையை மெதுவாகத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். முன்சீட்டுக்காரர் திரும்பிப் பார்த்தார். "பாதுகாப்பு அமைச்சோ?" என்றார். "யுத்தம் முடிஞ்சு எத்தனை வருஷம், இன்னும் என்னத்தைப் படிக்கிற?" என்று இன்னொரு குரல். நான் பதறிப்போய், "ஐயோ, பழைய சுவரைப் பாதுகாக்கிற படிப்புங்க" என்றேன். பஸ்ஸே சிரித்தது. "சுவரைப் பாதுகாக்கவும் ஆள் ஈக்குதா?" என்றார் கோழிக்கூடைப் பெரியவர். பிறகு ஊர் வரும்வரை என்னை ஒருவர் மாற்றி ஒருவர் பத்திரமாகப் பார்த்துக்கொண்டார்கள்.

தங்கிய வீடு ஸித்தி ராத்தாவுடையது. கற்பிட்டி வீதியோரம், களப்பு என்கிற காயல் பக்கமாக, தென்னைகளுக்கு நடுவே இருந்தது. ராத்தாவும் கணவர் ஹனீபா நானாவும் தொண்ணூறில், யுத்த நேரத்தில், மன்னாரிலிருந்து வெளியேற்றப்பட்டு வந்தவர்கள். ராத்தா என்றால் அக்கா, நானா என்றால் அண்ணன். நானா ஆட்டோ ஓட்டுகிறார். ஒரே மகள் ரிஸ்னா, கல்யாணத்துக்கு நிற்கிறாள். நான் நுழைந்ததும் ராத்தா, "கதிரையில இரிங்க தங்கச்சி" என்றார். எனக்குக் குதிரை என்று காதில் விழுந்தது. வாசலில் ஒரு கழுதைதான் நின்றது. இது மரியாதையா நையாண்டியா என்று முழித்துக்கொண்டு நின்றேன். ரிஸ்னா நாற்காலியை இழுத்துப் போட்ட பிறகுதான் உயிர் வந்தது.

சாப்பாட்டைப் பற்றிச் சொல்லாவிட்டால் எனக்குச் சோறு செரிக்காது. இடியப்பம், சொதி, தேங்காய்ச் சம்பல், வறுத்த நெத்தலி. எங்கள் ஊரில் இடியாப்பத்துக்குத் தேங்காய்ப்பாலும் சர்க்கரையும் ஊற்றிப் பச்சைப்பிள்ளைச் சாப்பாடு ஆக்கிவிடுவோம். இங்கே அதற்கு மீசை முளைத்திருந்தது. பதினாறு தின்றேன். ரிஸ்னா எண்ணினாள். குறை சொல்ல ஒன்றே ஒன்றுதான், காபி கிடையாது. பால் இல்லாத தேநீரைப் பிளேன்டீ என்று கொடுத்தார்கள். ஊரில் விருந்தாளிக்கு இதைக் கொடுத்தால் சம்பந்தம் முறிந்துவிடும். மூன்றாம் நாளே நானே கேட்டு வாங்கிக் குடிக்க ஆரம்பித்தது வேறு கதை.

கை கழுவப் பின்பக்கம் போனபோதுதான் அதைப் பார்த்தேன். ஆளுயரத்துக்கு மேல் ஒரு சுவர். பவளக் கல்லும் சுண்ணாம்பும். நடுவே வளைவான வாசல். அதன் நிழலில் மூக்கு வெளுத்த அதே கழுதை, குடியிருக்கும் உரிமையோடு நின்றது.

"ஒல்லாந்தர் கட்டின சுவராம் மிஸ். நாங்க வரக்குள்ளயே இங்க ஈந்தது" என்றார் ஹனீபா நானா.

தேடிப்போன தெய்வம் கைகழுவுகிற இடத்தில் நிற்கிறது! உடனே நாலு பக்கமும் படம் எடுத்தேன். சுவரைப் படம் எடுக்கும்போது பக்கத்தில் அளவுகோல் வைக்க வேண்டும் என்பது முதல் பாடம். அவசரத்தில் மறந்தேன். எல்லாப் படத்திலும் கழுதை மட்டும் ஒழுங்காக வந்து நின்றது.

"ஆனா மிஸ், இது கனநாளைக்கு நிக்காது" என்றார் நானா. "மகள்ட நிக்காஹ் இந்த மாசக் கடைசி. மாப்பிள்ளை இங்கதான் வந்து ஈப்பார். அவங்களுக்கு அந்த இடத்துல ஒரு அறை கட்டோணும்."

என் முகம் எப்படிப் போயிற்றோ தெரியாது. ராத்தா உடனே குறுக்கே வந்தார். "நீங்க எழுதி முடிக்கிற வரைக்கும் ஒருத்தரும் கை வெக்க மாட்டாங்க. ஒரு கிழமை போதுமா?" என்றார். போதும் என்றேன். அந்த ஒரு வாரம் சுவர் நின்றால் எனக்குப் பட்டம். விழுந்தால் பழையபடி எட்டாம் வகுப்பு 'பி' பிரிவு.

மறுநாள் படிவங்களைப் பிரதி எடுக்கக் கற்பிட்டிக்குப் போனேன். கடைக்குள் ஒரு கதவில் 'முகாமையாளர்' என்று எழுதியிருந்தது. இடம்பெயர்ந்தவர்கள் முகாம்களில் இருந்ததைப் பற்றிப் புறப்படுமுன் நிறையப் படித்திருந்தேன். முகாமுக்குப் பொறுப்பான அதிகாரி போலும் என்று உள்ளே போய் உட்கார்ந்து, குரலைத் தாழ்த்தி, "உங்க முகாம்ல இப்ப எத்தனை பேர் இருக்காங்க?" என்று கேட்டேன்.

"அஞ்சு பேர்" என்றார் அவர்.

"சாப்பாடெல்லாம் எப்படி?"

"வீட்டால கொண்டு வருவாங்க."

"வீடு இருக்கா அவங்களுக்கு!"

அவர் கதவில் எழுதியிருந்ததைக் கையால் காட்டினார். "மிஸ், நான் இந்தக் கடைட மெனேஜர்" என்றார். எங்கள் ஊர் மேலாளர் இங்கே முகாமையாளர். எங்கள் மேலாண்மை இங்கே முகாமைத்துவம். அதாவது நான் இரண்டு வருஷமாகப் படித்துக்கொண்டிருந்ததே முகாமைத்துவம்தான், எனக்குத்தான் தெரியவில்லை. பிரதிகளை வாங்கிக்கொண்டு திரும்பிப் பார்க்காமல் வந்தேன். இந்த அனுபவத்திலிருந்து பாடம் கற்றிருக்க வேண்டாமா? நான் ஆசிரியை. கற்பிக்கத்தான் தெரியும்.

மூன்றாம் நாள் கையெழுத்துப் பிரச்சினைக்கு வந்தேன். சுவர் யாருடையது? இடம்பெயர்ந்து வந்த குடும்பம், யாருடைய நிலத்தில் இருக்கிறார்களோ, நேரடியாகக் கேட்டு மனதை நோகடித்துவிடக் கூடாது என்று ரொம்ப நாகரிகம் பார்த்தேன். "நானா, இந்தச் சுவருக்கெல்லாம் யார் பொறுப்பு?" என்று சுற்றி வளைத்துக் கேட்டேன்.

"சுவருக்கா? அது பாஸ்தான். பாஸ்ட கதைங்க. இன்டைக்குப் பள்ளிவாசல்துறையில நிப்பார்."

ஆக, நில முதலாளி ஒருவர் இருக்கிறார். சேலையை மாற்றிக்கொண்டு, படிவத்தோடு பஸ் பிடித்தேன்.

பள்ளிவாசல்துறையில் படகுகளுக்குப் பக்கத்தில் ஒரு புது வீடு எழும்பிக்கொண்டிருந்தது. "பாஸ் இருக்காரா?" என்று கேட்டதும் எல்லாரும் மேலே கையைக் காட்டினார்கள். சாரத்தின்மேல், சாரன் என்கிற கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு, ஐம்பது வயது மதிக்கத்தக்கவர் பாண் என்கிற ரொட்டியைச் சம்பலில் தொட்டுத் தின்றுகொண்டிருந்தார். நாலு பக்கத்திலிருந்தும், "பாஸ், இது சரியா? பாஸ், கலவை போதுமா?" என்று குரல்கள். எனக்குக் கண் கலங்கிவிட்டது. எங்கள் ஊரில் இரண்டு வீடு வைத்திருப்பவன் வாடகை வாங்கக்கூடக் கீழே இறங்கி வரமாட்டான். இங்கே முதலாளி தானே சாரம் ஏறுகிறார்!

"சார், ஹனீபா நானா வீட்டுப் பின்னால இருக்கிற சுவர் விஷயமா வந்தேன்."

"ஓம், நானா சென்னவர்" என்று இறங்கி வந்தார். என்னை அவர் என்னவாக நினைத்தார் என்று இன்றுவரை கேட்கவில்லை. இன்ஜினியர் என்றுதான் இருக்க வேண்டும்.

"முழுசா எடுக்கணும் சார். ஒரு கல் விட்டுடக் கூடாது" என்றேன். படமும் அளவும் எடுப்பதைத்தான் மனதில் வைத்துச் சொன்னேன். யாராவது சந்தேகப்பட்டிருப்பார்களா?

"ஒரு கல் விடாமலா? அத்திவாரமும் எடுக்கோணுமா?"

"எடுத்தா ரொம்ப நல்லது. ஒவ்வொரு கல்லுக்கும் நம்பர் போட்டுருவோம்."

"நம்பரா! இந்தியாவுல இப்பிடியா செய்யிற?"

"உலகம் முழுக்க இப்படித்தான் சார்."

அவர் தலையை ஆட்டி வியந்தார். "எப்ப தொடங்கோணும்?"

"நாளைக்குக் காலையிலேயே ஆரம்பிச்சுட்டா நல்லது. எனக்கு நாள் கம்மி."

"மிஸ் சரியான அவசரம். சரி, தூரத்துலயிருந்து வந்த ஆள் நீங்க." படிவத்தை வாங்கி உரக்கப் படித்தார். "மேற்படி சுவரில் செய்யப்படும் வேலைகளை முழுமையாக அறிந்துகொண்டு சம்மதிக்கிறேன்." இரண்டு தடவை படித்தார். திருப்தியாகக் கையெழுத்துப் போட்டார். எனக்கு ஒரு தேங்காய் ரொட்டியும் தந்தார். திரும்பும் வழியெல்லாம் மனதுக்குள் நான் பட்டம் வாங்குகிற உடையில் இருந்தேன்.

மறுநாள் விடிந்ததும் ராத்தாவும் ரிஸ்னாவும் கல்யாண உடுப்புக்காகப் புத்தளம் போனார்கள். நானா சவாரிக்குப் போனார். நான் கற்களுக்கு நம்பர் போடச் சாக்பீஸ் வாங்கக் கற்பிட்டிக்குப் போனேன். வரும் வழியில் பஸ் நின்றுவிட்டது. வீதியின் குறுக்கே கழுதைகள் ஒரு கூட்டமாகப் படுத்திருந்தன. நடத்துநர் சிங்களத்தில் வேண்டிக்கொண்டார், தமிழில் திட்டினார். அவை இரண்டு மொழியிலும் தேர்ச்சி பெற்று, எதையும் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

வீட்டுக்கு வந்தபோது பின்பக்கம் வெளிச்சமாக இருந்தது. இவ்வளவு வெளிச்சம் இருக்கக் கூடாதே என்று நினைத்துக்கொண்டே போனேன். சுவர் இல்லை. சுவர் இருந்த இடத்தின் வழியாகக் களப்பு தெரிந்தது. தென்னைகளின் கீழ் கற்கள் வரிசை வரிசையாக அடுக்கப்பட்டிருந்தன. ஒவ்வொன்றிலும் கரியால் நம்பர்.

பாஸ் வியர்வையைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். "மிஸ், ஒரு கல் விடல்ல. அத்திவாரம் நாளைக்கு."

நான் அப்படியே முந்நூற்றுப் பன்னிரண்டாம் நம்பர் கல்லின்மேல் உட்கார்ந்து ஓவென்று அழுதேன். வெட்கமாவது ஒன்றாவது! இரண்டு வருஷப் படிப்பு, மாமியாரின் ஏச்சு, சம்பளமில்லாத விடுப்பு, எல்லாம் வாய்விட்டு வந்தது. அந்த நேரம் பார்த்துத்தான் ராத்தாவும் ரிஸ்னாவும் பைகளோடு உள்ளே வந்தார்கள்.

"யா அல்லாஹ்! சுவர் எங்க?" என்றார் ராத்தா.

"மிஸ்தான் எடுக்கச் சென்ன. கையெழுத்தும் வாங்கின" என்றார் பாஸ்.

"பாஸ்ட ஏன் கையெழுத்து வாங்கின நீங்க?" என்று ராத்தா என்னைக் கேட்டார்.

"இவர்தானே பாஸ்?" என்றேன் விம்மிக்கொண்டே.

"ஓம், இவர்தான் பாஸ்."

"அப்ப சுவர் இவருடையதுதானே?"

"இவருக்கு எப்பிடி? இவர் மேசன்!"

ரிஸ்னாவுக்குத்தான் முதலில் விளங்கியது. பையைக் கீழே போட்டுவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். இங்கே கொத்தனாரும் பாஸ், தச்சரும் பாஸ், வேலை தெரிந்த எல்லாரும் பாஸ்தானாம். பிறகு அகராதியில் பார்த்தேன். ஒல்லாந்தர் விட்டுப்போன சொல்லாம் அது. சுவராவது ஒல்லாந்தருடையதா என்றால், அதுவும் இல்லை. "ஆர் சென்ன? என்ட வாப்பா கட்டின சுவர் இது. கல்லு பழசு, எங்கயோ இடிஞ்சு கிடந்த. சுவர் அவர்ட" என்றார் பாஸ். ஒல்லாந்தரைத் தேடி வந்தவளுக்கு அவர்கள் சொல் ஒன்றுதான் கிடைத்தது, அதுவும் என் தலையில்தான் விழுந்தது.

காணி ராத்தாவுடையது. பல வருஷங்களுக்கு முன்பே அவர் பெயரில் வாங்கியதாம். "கேட்டிருந்தா செல்லியிருப்பேனே தங்கச்சி" என்றார். நான் மறுபடி அழ ஆரம்பித்தேன்.

ராத்தா என் பக்கத்தில் வந்து இன்னொரு கல்லில் உட்கார்ந்தார். "அழாதீங்க. மன்னார்ல நாங்க பூட்டிட்டு வந்த வீட்டுக்கு எத்தனை ஜன்னல், எந்த ஜன்னல்ட கொக்கி பழுது எண்டு இன்டைக்கும் செல்லுவேன். போய்ப் பாத்தம், ஒரு கல்லும் இல்ல. ஒங்களுக்குக் கல்லெல்லாம் ஈக்குது, நம்பரும் ஈக்குது. கொப்பியை எடுங்க, நான் செல்றேன்."

கண்ணைத் துடைத்துக்கொண்டு நோட்டுப் புத்தகத்தை எடுத்தேன். வளைவுக்கு இடப்பக்கம் சவர்க்காரம் வைக்கிற பொந்து, அதற்குக் கீழே உப்புப் பூத்த இடம், மழைக்குப் பச்சை பிடிக்கிற மூலை, விரிசல் எங்கே தொடங்கி எங்கே வளைகிறது என்று தினம் துணி துவைக்கிற கண்ணால் பார்த்ததை அவர் சொல்லச் சொல்ல எழுதினேன். பாஸ் அந்தந்தக் கல்லைத் தேடி எடுத்துக் காட்டினார். எந்தப் பேராசிரியரும் எனக்கு இப்படிச் சுவர் பார்க்கக் கற்றுத்தரவில்லை.

உயரம் மட்டும் உதைத்தது. படத்தில் அளவுகோல் இல்லை, கழுதைதான் இருந்தது. அப்படியானால் கழுதையை அளந்தால் சுவரின் உயரம் கிடைக்கும். மறுநாள் மத்தியானம் ஹனீபா நானாவின் ஆட்டோவில் வெள்ளை மூக்கைத் தேடிப் புறப்பட்டோம். கற்பிட்டிப் பக்கம் கழுதைகளுக்கா பஞ்சம்! மூன்று தப்பான கழுதைகளை அளந்தோம். நாலாவது சரியான கழுதை. அதற்கு என்னைப் பிடிக்கவில்லை. நாடாவின் ஒரு முனையை அது கடித்துக்கொள்ள, மறுமுனையோடு நான் ஓட, சந்தையே திரண்டது. "அந்த மிஸ் பாதுகாப்பு படிக்கிறவ" என்று ஒரு குரல் விளக்கம் சொன்னது. பஸ்ஸில் வந்த கோழிக்கூடைப் பெரியவர்.

கணக்குப் போட்டு, வரைபடம் வரைந்து, கடைசியில் பாஸிடம் தயங்கித் தயங்கிக் கேட்டேன். அறை கட்டும்போது இந்தக் கற்களை இதே வரிசையில் வைக்க முடியுமா?

"அதுக்குத்தானே நம்பர்?" என்று அவர் ஆச்சரியப்பட்டார். "பின்ன சும்மாவா நான் வெயில்ல நிண்டு எழுதின?"

கடைசி நம்பரிலிருந்து முதல் நம்பர்வரை இறங்குவரிசையில் சுவர் எழும்பியது. வளைவு அறைக்கு வாசலானது. நானும் கல் தூக்கினேன். ராத்தாவிடம் படிவத்தை நீட்டினேன். அவர் கையைப் பின்னால் கட்டிக்கொண்டார். "இப்ப நான் போடேலாது. வீட்டு உறுதிப் பத்திரத்தை ரிஸ்னாட பேருக்கு எழுதிட்டம். கல்யாணச் சீதனம்."

கல்யாணத்துக்கு முந்தின நாள் சாயங்காலம். ரிஸ்னாவின் இரண்டு கையிலும் முழங்கைவரை ஈர மருதோன்றி. காய இரண்டு மணிநேரம் ஆகும் என்றாள். பிரதியெடுக்கும் கடை அரை மணிநேரத்தில் மூடிவிடும், கையெழுத்துப் போட்ட பக்கம் இன்றைக்கே அங்கிருந்து பேராசிரியருக்குப் போய்ச் சேர வேண்டும். நான் அவள் முன்னால் மண்டியிட்டே விட்டேன். "என்ட வீட்டு வேலைக்கு நானே பாஸ், என்ன மிஸ்?" என்று சிரித்துக்கொண்டே விரல் நுனியால் பேனாவைப் பிடித்துப் போட்டாள். பெயருக்குப் பக்கத்தில் பூவும் இலையுமாக ஒரு செம்மண் கறை விழுந்தது. கறையோடு அனுப்பினேன்.

அறிக்கையின் மற்றப் பக்கங்களுக்குக் கல்யாணத்துக்கு மறுநாள் காலைவரை நேரம் இருந்தது. கல்யாணமும் வட்டிலப்ப விருந்தும் முடிந்து விடிந்தபோது, அறையின் உட்புற அளவு மட்டும் பாக்கி. நாடாவை எடுத்துக்கொண்டு வளைவுக்குப் போய்க் கதவைத் தட்டினேன். ஒரு தட்டுத்தான். அடுப்படியிலிருந்து ராத்தா அகப்பையோடு ஓடி வந்து என் கையைப் பிடித்து முன்வாசல்வரை இழுத்துக்கொண்டு போய்விட்டார்.

வேறு வழியில்லாமல் உள்ளதை உள்ளபடி எழுதினேன். 'கட்டடத்தின் தற்போதைய பயன்பாடு: மணமக்கள் அறை. உட்புற அளவு: எடுக்கப்படவில்லை. காரணம்: உள்ளே ஆள் இருக்கிறது. கதவைத் தட்டிய ஆய்வாளர் வெளியேற்றப்பட்டார்.'

பத்து நாள் கழித்து, ஊரில், அறிக்கை திரும்பி வந்தது. முதல் பக்கத்திலிருந்து ஒவ்வொரு தாளாக, மூச்சைப் பிடித்துக்கொண்டு புரட்டினேன். எங்கும் ஒரு குறிப்பும் இல்லை. கடைசிப் பக்கத்தில், அந்த வரிக்குப் பக்கத்து ஓரத்தில் மட்டும் பேராசிரியரின் சிவப்பு மை: 'ஆய்வாளர் இனிமேல் தட்ட வேண்டாம். தேர்ச்சி.'